கேஜ் போடணுமா மாப்ளே?

வண்டிப் பதிவு போட்டு ரொம்ப நாளாச்சு. சினிமா விமர்சனம், சமையல் குறிப்பு, கவுஜ இதெல்லாம் எதிர்பார்த்து வந்தவங்க இப்பவே அப்பீட்டு ஆயிக்கலாம், கோச்சுக்க மாட்டேன் :-)

போன ஞாயித்துக்கிழமை காலைல, சட்னியா சாம்பாரான்னு தங்கமணி கேட்டுட்டிருந்த முக்கியமான நேரத்துல போன் அடிச்சது. அத்தை பையன். புதுசா ஒரு டர்போ பெட்ரோல் கார் எடுத்திருக்கான்.

"மாப்ளே, ஏர் ஃபில்டரும் சைலன்சரும் மட்டும் மாத்தலாம்னு இருக்கேன். ஏ.எஃப்.ஆர் கேஜ் போடணுமா?"

பதில் எனக்குத் தெரியும். ஆனா வாய் வரலை. ஏன்னா இதே கேள்விய இதே ஆளு 2009லயும் கேட்டான். அப்ப நான் சொன்ன பதிலால ஒரு எஞ்சின் போச்சு, அத்தையோட நாலு வளையல் போச்சு, ரெண்டு வருசம் பேச்சுவார்த்தையும் போச்சு. "மத்தியானம் கூப்பிடறேன் மச்சான்"னு வச்சுட்டேன். காலைல இருந்து மத்தியானம் வரைக்கும் மண்டைக்குள்ள ஓடினது தான் இந்தப் பதிவு.

வண்டி விஷயம் தெரியாதவங்களுக்கு சின்னதா ஒரு அறிமுகம். இட்லி மாவுக்கு நாலு பங்கு அரிசி, ஒரு பங்கு உளுந்துன்னு ஒரு கணக்கு இருக்கில்ல, எஞ்சினுக்கும் அப்படி ஒண்ணு உண்டு. ஒரு கிலோ பெட்ரோல் மிச்சமில்லாம எரியறதுக்கு 14.7 கிலோ காத்து வேணும். காத்து இதுக்கு மேல போனா 'லீன்', பெட்ரோல் கூடினா 'ரிச்'. நிதானமா ஓட்டறப்ப 14.7 சரியா இருக்கும். ஆக்ஸிலேட்டரை முழுசா மிதிக்கறப்ப சாதாரண எஞ்சின் 12.5ல இருந்து 13 வரைக்கும் கேக்கும், டர்போ வச்சதா இருந்தா 11ல இருந்து 12க்குள்ள. கூடுதலா போற பெட்ரோல் உள்ள இருக்கற சூட்டைத் தணிக்கும். அது கிடைக்கலைன்னா அலுமினிய பிஸ்டன் மெழுகுவத்தி மாதிரி ஆயிடும். இந்தக் கணக்கை சைலன்சர் குழாய்ல ஒரு சென்சார் வச்சுப் பார்த்து டேஷ்போர்டுல நம்பரா காட்டற வட்ட மீட்டர் தான் ஏ.எஃப்.ஆர் கேஜ்.

இப்ப கொசுவத்தி.

என்கிட்ட இருந்தது (இன்னும் இருக்கறது) எங்கப்பா வாங்கின 2001 மாருதி எஸ்டீம். 1.3 லிட்டர், 16 வால்வு, எம்.பி.எஃப்.ஐ. அப்பா ஸ்பின்னிங் மில்லுல மேஸ்திரியா இருந்து ரிட்டையர் ஆனவரு. 2006ல அந்த வண்டிக்கு கூம்பு மாதிரி ஒரு ஏர் ஃபில்டரும், ஃப்ரீ ஃப்ளோ சைலன்சரும் மாட்டினேன். சத்தம் ரெட்டிப்பாச்சு, வேகம் கூடின மாதிரி ஒரு பிரமை. பக்கத்து வீட்டு ஆயா மட்டும் "ஏங்கண்ணு, வண்டி ஓட்டையாயிருச்சா?"ன்னு கேட்டுச்சு.

அப்ப எங்க மெக்கானிக் அண்ணன்கிட்ட கேஜ் பத்திக் கேட்டேன். சின்னப் பையனா சோழவரம் ரேசுக்கு ஸ்பேனர் தூக்கிட்டுப் போனவரு. ஸ்பார்க் பிளக்கைக் கழட்டி வெளிச்சத்துல திருப்பிப் பார்த்தாரு. காப்பித்தூள் கலர். "வெள்ளையா இருந்தா பயப்படோணும், கருப்பா இருந்தா காசு போகுது. இது நல்லா இருக்குதுங் தம்பி. கேஜ் எதுக்கு?"ன்னாரு.

அது சரியான பதில் தான். இன்னிக்கும் அதே தான் சொல்வேன். எஞ்சினோட இசியு ஆக்ஸிஜன் சென்சாரைப் பார்த்துக்கிட்டே பெட்ரோலைக் கொஞ்சம் கூட்டும், கொஞ்சம் குறைக்கும். ஃபில்டர் மாத்தறதால வர்ற சின்ன வித்தியாசத்தை அதுவே சமாளிச்சுடும். முழுசா மிதிக்கறப்ப அது சென்சாரைக் கேக்காம தனக்குன்னு எழுதி வச்ச கணக்குப்படி ஊத்தும். அந்தக் கணக்குலயும் கம்பெனிக்காரன் கொஞ்சம் பெட்ரோலைத் தாராளமா தான் விட்டு வச்சிருப்பான்.

தப்பு எங்க பண்ணினேன்னா, அண்ணன் எந்த வண்டிக்கு அந்தப் பதிலைச் சொன்னாருங்கறதை மறந்துட்டு, பதிலை மட்டும் மனப்பாடம் பண்ணிக்கிட்டேன்.

2009. அத்தை பையன் ஒரு 1.3 லிட்டர் பெட்ரோல் ஹேட்ச்பேக் வச்சிருந்தான். அதுல ஒரு பழைய டர்போவை மாட்டித் தர்றதா ஊருக்கு வெளிய ஒரு ஷெட்டுல சொல்லியிருந்தாங்க. காசுக்கு என்ன பண்ணினான்னா, ஏதோ கம்ப்யூட்டர் கோர்ஸ் படிக்கப் போறதா சொல்லி அத்தை வளையலை வாங்கி அடகு வச்சுட்டான். எனக்குத் தெரியும். தெரிஞ்சும் வாயை மூடிட்டு இருந்தேன். டர்போ சத்தம் கேக்கற ஆசை எனக்கும் இருந்துச்சே.

பட்ஜெட்ல கடைசியா ரெண்டு அயிட்டம் இடிச்சது. ஒண்ணு வைட்பேண்ட் ஏ.எஃப்.ஆர் கேஜ், இன்னொண்ணு அலாய் வீல். அப்பதான் கேட்டான், "கேஜ் போடணுமா மாப்ளே?"ன்னு. நான், பெரிய இவனாட்டம், "வேண்டாம் மச்சான், தண்டச் செலவு. பிளக் கலர் பார்த்தாப் போதும். வீல் போடு"ன்னேன்.

அதோட விட்டிருந்தாக்கூட பரவால்ல. மனசு கேக்காம ஒரு மலிவு மீட்டர் வாங்கி மாட்டினோம். வண்டியோட ஒரிஜினல் ஆக்ஸிஜன் சென்சார் ஒயரையே இழுத்து அதுல கொடுக்கணும். பச்சை, மஞ்சள், சிவப்புன்னு கோயில் திருவிழா சீரியல் லைட் மாதிரி ஓடும். பார்க்க அம்சமா இருக்கும். மிதிச்சா நேரா 'ரிச்'சுல போய் நிக்கும். "பாரு, ரிச்சா தான் ஓடுது"ன்னு ரெண்டு பேருக்கும் ஒரே சந்தோசம்.

அந்த லைட்டு என்ன சொல்லுதுன்னு எங்களுக்கு அப்ப தெரியாது. வண்டியோட வர்ற பழைய மாடல் சென்சாரை நேரோபேண்ட்னு சொல்வாங்க. 1976ல பாஷ் கம்பெனி செஞ்சு வோல்வோ கார்ல மொத மொதலா வந்தது இந்த வகை தான். அதுக்குத் தெரிஞ்சது ஒரே விஷயம்: கலவை 14.7க்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா. லீனா இருந்தா 0.1 வோல்ட் பக்கம், ரிச்சா இருந்தா 0.9 வோல்ட் பக்கம், நடுவுல 0.45ல பட்டுனு தாவும். 11.5ம் அதுக்கு ரிச் தான், 13.5ம் ரிச் தான். டர்போ எஞ்சினுக்கு 11.5ங்கறது உயிர். முழு பூஸ்ட்ல 13.5ங்கறது எமன். எங்க சீரியல் லைட்டு ரெண்டுக்கும் ஒரே கலர் காட்டிட்டிருந்துச்சு. எவ்வளவு ரிச்னு நம்பரா சொல்றதுக்கு வைட்பேண்ட் சென்சார் வேணும். நான் தண்டச் செலவுன்னது அதைத்தான்.

ஒரு சனிக்கிழமை விடிகாலை, நீலாம்பூர் பைபாஸ். அவன் ஓட்டறான், நான் பக்கத்துல. நாலாவது கியர்ல முழுசா மிதிச்சான். முதுகு சீட்டோட ஒட்டிக்கிச்சு. ரெண்டு பேரும் சிரிச்சுக்கிட்டிருந்தோம். டப்பாக்குள்ள கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்கற மாதிரி ஒரு சத்தம், ரெண்டு செகண்ட் கூட இருக்காது. அப்புறம் பின்னாடி வெள்ளைப் புகை மூட்டம். வண்டி இழுக்கலை. கண்ணாடியில ஒரு டாரஸ் லாரியோட ஹெட்லைட் பெருசாகிட்டே வருது. ஹாரனை அமுக்கிட்டே கடைசி நேரத்துல ஒடிச்சு எங்களைத் தாண்டிப் போனாரு அந்த டிரைவர். எந்த ஊர்க்காரரோ, நல்லா இருக்கணும். ஓரமா நிறுத்தினப்பவும் அந்த மீட்டர்ல லைட்டு அழகா ஓடிட்டு தான் இருந்துச்சு.

மெக்கானிக் அண்ணன் தான் ஹெட்டைக் கழட்டினாரு. மூணாவது பிஸ்டனோட விளிம்பு உருகி, ரிங் வரைக்கும் வழிஞ்சிருந்துச்சு. அந்த சிலிண்டரோட பிளக்குல வெள்ளைப் பீங்கான் மேல பொடிப்பொடியா அலுமினியப் புள்ளிங்க. பெட்ரோல் பம்ப் ஒரிஜினல். பூஸ்ட் ஏறினப்ப அதால ஈடு கொடுக்க முடியல, இன்ஜெக்டர் தொறந்தபடியே இருந்தாலும் போதுமான பெட்ரோல் வரலை. இசியுவுக்கு டர்போ இருக்கறதே தெரியாது. நடுவுல ஒரு சின்னப் பெட்டி அதுக்குப் பொய் சொல்லிட்டிருந்துச்சு.

"பிளக் கலர் பார்த்தோமேண்ணா"ன்னேன்.

"பிளக்கு நேத்து நடந்ததைச் சொல்லும் தம்பி. இது ரெண்டு செகண்டுல முடிஞ்ச சோலி"ன்னாரு. வேற ஒண்ணும் திட்டலை. திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும்.

வளையல் மேட்டர் வெளிய வந்துருச்சு. அத்தை ஒரு வார்த்தை கேக்கலை. ஒரு கல்யாணத்துல பார்த்தப்ப கையில ரப்பர் வளையல் போட்டிருந்தாங்க. அவன் என்கிட்டப் பேசலை. ரெண்டு வருசம். வண்டிய அப்படியே பழைய இரும்பு விலைக்குத் தள்ளிட்டான். அலாய் வீல் மட்டும் நல்ல விலைக்குப் போச்சு. அவ்வ்வ்வ்.

வீட்டுல அப்பா விஷயத்தைக் கேட்டுட்டு ஒண்ணு சொன்னாரு. மில்லுல காத்துல ஈரப்பதம் குறைஞ்சா நூல் அறுந்து அறுந்து போகும். அனுபவசாலி மேஸ்திரிங்க உள்ள நுழைஞ்சு பஞ்சைத் தொட்டே சொல்லிடுவாங்களாம். ஆனாலும் ஒவ்வொரு டிபார்ட்மெண்ட்லயும் சுவத்துல ரெண்டு தெர்மாமீட்டர் தொங்கும், ஒண்ணோட குண்டுல ஈரத்துணி சுத்தியிருக்கும். "கை பொய் சொல்லும்னு இல்லடா. ஓட்டம் கூடக் கூட, கையில உணர்றதுக்குள்ள நூறு கதிர் அறுந்திருக்கும். அதுக்குத் தான் மீட்டரு"ன்னாரு. நாப்பது வருசம் மில்லுல இருந்த மனுசனை அதுக்கு முன்னாடி நான் வண்டி விஷயத்துல ஒரு வார்த்தை கேட்டதில்லை.

2012ல எஸ்டீமைக் கொஞ்சம் பெருசா கை வச்சேன். வேற கேம்ஷாஃப்ட், கம்ப்ரஷன் கூட்டறதுக்காக ஹெட்டை லேசா சீவினது, பெரிய இன்ஜெக்டர், தனி இசியு. செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேல ஓட்டறதுக்காக. (ஃபார்முலா மாருதி கார்களை உருவாக்கின கரிவரதன் பேர்ல இருக்கற டிராக். 1995ல விமான விபத்துல போயிட்டாரு மனுசன்.) இந்தத் தடவை மொதல்ல வாங்கினதே வைட்பேண்ட் கேஜ். தங்கமணி பில்லைப் பார்த்துட்டு, "இந்தக் காசுக்கு ஒரு வாஷிங் மெஷின் வந்திருக்கும்"னாங்க. உண்மை தான்.

மாட்டின புதுசுல ஒரு காமெடி. குன்னூர்ல இருந்து மேட்டுப்பாளையம் இறங்கறப்ப, கொண்டை ஊசி வளைவுல காலை எடுத்தேன், கேஜ் 20க்கு மேல காட்டுது. பயங்கர லீன்! அடுத்த பிஸ்டனும் காலின்னு வேர்த்து விறுவிறுத்து ஓரங்கட்டி அண்ணனுக்குப் போன் போட்டேன். "இறக்கத்துல காலை எடுத்தா இசியு பெட்ரோலை நிறுத்திரும் தம்பி. வெறுங்காத்து தான் வரும். பேசாம வாங்க"ன்னு வச்சுட்டாரு.

ஆனா ஒரு நாள் அந்த நம்பர் வேலை செஞ்சது. மாசக்கணக்கா நிறுத்தி வச்சிருந்த வண்டிய டிராக்குக்கு எடுத்துட்டுப் போனேன். முழு மிதியில 12.8 இருக்கணும்னு ட்யூன் பண்ணியிருந்தோம். மொத ரவுண்டு 12.9. அடுத்தது 13.2. மூணாவது ரவுண்டு, மூணாவது கியர்ல 13.8ஐத் தாண்டறப்ப காலை எடுத்துட்டேன். எஞ்சின் சத்தத்துல ஒரு வித்தியாசமும் இல்ல. இழுவையும் அதே மாதிரி தான் இருந்துச்சு. பிட்ல கழட்டிப் பார்த்தா பெட்ரோல் ஃபில்டர் முழுக்க துருப்பொடி. ஒரு ஃபில்டர் காசோட முடிஞ்சது. அன்னிக்கு சாயங்காலமே அத்தை பையன் வீட்டுக்குப் போய், 2009ல சொன்னது தப்புன்னு நேர்லயே சொன்னேன். அதுக்கு முன்னாடியே பேச ஆரம்பிச்சிருந்தோம், ஆனா அந்த வார்த்தைய நான் சொன்னதில்லை. "வீல் போடுன்னு சொன்னதை மட்டும் மன்னிக்க மாட்டேன்"ன்னான்.

சரி, கேஜ் எப்ப தேவை? எனக்குப் பிடிபட்ட வரைக்கும், கேக்க வேண்டிய கேள்வி ஒண்ணு தான். நீங்க செஞ்ச மாற்றத்தை எஞ்சினால தானாவே சமாளிக்க முடியுமா, முடியாதா?

ஃபில்டர், சைலன்சர் மட்டும், இசியு ஒரிஜினல்: தேவையில்லை. சந்தேகம் இருந்தா ஒரு ஓபிடி ஸ்கேனரைச் சொருகி ஃபியூயல் ட்ரிம் பாருங்க. ஒத்தை இலக்க சதவீதத்துல ஆடிட்டிருந்தா நிம்மதியா தூங்கலாம். 15, 20ன்னு ஒரே பக்கமா ஏறி நின்னா எங்கயோ கோளாறு, கேஜ் வாங்கறதுக்கு முன்னாடி அதைச் சரி பண்ணுங்க.

கார்புரேட்டர் வண்டியில ஜெட் மாத்தினா: ட்யூன் பண்ற ஒரு நாளைக்கு மட்டும் தேவை. சைலன்சர் குழாய்ல சென்சாருக்கு ஒரு நட்டு வெல்டிங் வச்சு, கேஜை யார்கிட்டயாவது இரவல் வாங்கி, வேலை முடிஞ்சதும் போல்ட் போட்டு அடைச்சுடலாம்.

கேம்ஷாஃப்ட், இன்ஜெக்டர், பெட்ரோல் பிரஷர், இசியு கணக்கு, இதுல எதைத் தொட்டாலும் வைட்பேண்ட் இல்லாம ட்யூன் பண்ண உக்காராதீங்க.

டர்போ இல்லாம பிறந்த எஞ்சினுக்கு டர்போ வைக்கறதா இருந்தா, மொத ஸ்டார்ட்டுக்கு முன்னாடியே கேஜ் இருக்கணும். பட்ஜெட் இடிச்சா டர்போவைத் தள்ளிப் போடுங்க.

கேஜையும் கண்ணை மூடி நம்பிடாதீங்க. சென்சாருக்கு முன்னாடி குழாய்ல ஓட்டை இருந்தா வெளிக்காத்து உள்ள போய் பொய்யா லீன் காட்டும். ஒரு சிலிண்டர் எரியாம விட்டாலும், எரியாத ஆக்ஸிஜனைப் பார்த்துட்டு லீன்னு தான் சொல்லும். நாலு சிலிண்டருக்கும் சேர்த்து சராசரி காட்டறதால, ஒரே ஒரு இன்ஜெக்டர் அடைச்சிருந்தா அந்த நம்பர்ல மறைஞ்சு போகவும் வாய்ப்பு உண்டு. எந்த நம்பர் வந்தா காலை எடுப்பேன்னு ஓட்டறதுக்கு முன்னாடியே முடிவு பண்ணி வச்சுக்கணும். இல்லைன்னா அதுவும் சீரியல் லைட்டு தான்.

புதுசா ஒரு விஷயமும் சேர்ந்திருக்கு. 2025ல நாடு பூரா 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் பரவலாயிடுச்சு. இதுக்கு 14.7 இல்ல, 13.5 பக்கம் தான் சரியான கணக்கு. பழைய பெட்ரோல்ல ட்யூன் பண்ணின கார்புரேட்டர், ஜெட்டு, இசியு கணக்கெல்லாம் இதுல கொஞ்சம் லீனா ஓடும். கேஜ் பெரும்பாலும் பழைய 14.7 கணக்குலயே நம்பர் காட்டும், அதனால எத்தனால் கலந்தாலும் இலக்கு நம்பரை மாத்த வேண்டாம். குழப்பமா இருந்தா லாம்ப்டான்னு ஒரு அளவு இருக்கும், அதுல வச்சுக்கங்க. எந்தப் பெட்ரோலா இருந்தாலும் 1ன்னா சரி, 1க்குக் கீழ ரிச், மேல லீன். நானே போன வருசம் எஸ்டீமுக்கு மறுபடி உக்காந்து பெட்ரோலைக் கூட்ட வேண்டியதாச்சு.

மத்தியானம் சாப்பிட்டு முடிச்சுட்டு அவனுக்குப் போன் போட்டேன்.

"வேண்டாம் மச்சான்"ன்னேன். கம்பெனியே டர்போவோட செஞ்ச வண்டி. பெட்ரோல் பம்ப், இன்ஜெக்டர் எல்லாம் அதுக்குன்னே வச்சது. பிஸ்டன் தட்டினா கேக்க நாக் சென்சார் இருக்கு. இசியுவுக்கு பூஸ்ட் எவ்வளவுன்னு தெரியும். நீ மாத்தறது ஃபில்டரும் சைலன்சரும் தான். இசியு கணக்கை மாத்தப் போறேன்னு என்னிக்காவது சொன்னா அன்னிக்கு வேற பதில் சொல்றேன். வாரண்டி இருக்கற வரைக்கும் அதையும் தொடாதே.

எல்லாத்தையும் ஒரே மூச்சுல சொல்லி முடிச்சேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்ல.

"போன தடவையும் வேண்டாம்னு தானடா சொன்ன?"ன்னான்.

"போன தடவை ஏன்னு சொல்லலை மச்சான்"ன்னேன்.

சிரிச்சுட்டு, "சரி, இரு, அம்மா பேசணுமாம்"னு போனைக் கொடுத்தான். அத்தை தீபாவளிக்கு வரச் சொன்னாங்க. வர்றப்ப எஸ்டீம்ல வர வேண்டாமாம், சத்தம் தாங்கலையாம்.

டிஸ்கி: மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவுப்படி, கம்பெனி கொடுத்த ஒரிஜினல் விவரங்களுக்கு மாறா வண்டிய இஷ்டத்துக்கு மாத்தி ரோட்டுல ஓட்டக் கூடாது. பைபாஸ்ல நாங்க பண்ணினது முட்டாள்தனம். அந்த வயசுல புரியலை. ஓட்டிப் பார்க்கற ஆசை இருந்தா டிராக்குக்குப் போங்க, பின்னாடி லாரி வராது.